ஒரு வாரம் தார் ஓட்டினேன்

கொல்லிமலையில் தார் வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், வண்டி வாங்கிட்டீங்களா?" என்று பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். வாங்கவில்லை. மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், "ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க சார்" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். மூன்று கதவு, டீசல், நான்கு சக்கரமும் இழுக்கிற மஹிந்திரா தார்.

இந்த வயதில் இது எதற்கு என்பீர்கள். என் மனைவியின் அக்கா கொல்லிமலையில் இருக்கிறார். அவர் வீட்டுக்குக் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம், நடுவில் ஓர் ஓடை. முழங்கால் வலி வந்தபின் என் மனைவியால் அந்தத் தூரம் நடக்க முடியவில்லை. எங்கள் கார் அங்கே போகாது. மூன்று வருடமாக அக்காவும் தங்கையும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முதல் ஐந்து நாள் நாமக்கல்லிலேயே ஓட்டினேன். உழவர் சந்தை, மருத்துவமனை, பேரனின் பள்ளிக்கூடம். உயரமாக உட்கார்ந்து ஓட்டுவதால் சாலை நன்றாகத் தெரிகிறது. வேகத்தடையைப் பார்த்தால் பயமில்லை. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, கீழே கனமான இரும்புச் சட்டம். மேடு பள்ளத்தில் தூக்கிப் போடத்தான் செய்யும். பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன் இருக்கையை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். பேரனுக்கு அதுவே விளையாட்டு. பின் இருக்கை விரித்திருந்தால் ஓர் அரிசிச் சிப்பம் வைக்கவும் யோசிக்க வேண்டும்.

என் மனைவி முதல் நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஏணி எங்கீங்க?" என்றார். அன்றே ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வண்டியில் போட்டேன்.

ஆறாம் நாள் மலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குப் பின் சக்கர இயக்கமே போதும். தார்ச்சாலையில் 4ஹெச் போட்டு ஓட்டாதீர்கள். (இயற்பியல் வாத்தியார் சொன்னால் கேளுங்கள்.) வளைவில் முன் சக்கரங்கள் சுற்றும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் சுற்றும் தூரம் வேறு. இந்த வண்டியில் 4ஹெச் போட்டதும் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் பல்சக்கரங்கள்தான் முறுக்கை வாங்கும்.

தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் இந்தத் தாருக்கு வேலை. மழை அறுத்த தடம், கால் வைத்தால் உருளும் கல். வண்டியை நிறுத்தி 4எல் போட்டேன். வேகம் குறையக் குறைய இழுவை கூடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதைப் பாதத்தில் உணர்ந்தது அன்றைக்குத்தான். ஆள் நடக்கிற வேகத்தில் ஏறியது. இறக்கத்தில் முதல் கியரில் விட்டேன், பிரேக்கைத் தொடவே இல்லை. எஞ்சினே பிடித்துக்கொண்டது.

ஓடையில் இறங்கிக் குச்சி விட்டுப் பார்த்தேன், ஒன்றரை அடி. 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்கிறார்கள். இழுத்து ஓடும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அன்று தண்ணீர் அமைதியாக இருந்ததால்தான் இறக்கினேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

டீசல் சத்தம் கேட்டு யாரோ வியாபாரி என்று நினைத்து அக்கா வெளியே வந்தார். நான் முக்காலியை எடுத்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் அவர் தோளைக் கொடுத்துத் தங்கையை இறக்கிவிட்டிருந்தார். இருவரும் பேசவே இல்லை. நான் போய் டயரைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

திரும்பும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். அக்கா வீட்டுக்கு வருடத்துக்கு நான்கு முறை போவோம். மற்ற 361 நாளும் முக்காலியோடு சந்தைக்குப் போக வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் விலை. தோட்டத்துக்கு மண் தடம் உள்ளவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் 2023 முதல் விற்கிறார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேட்டு வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஐந்து கதவு ஜிம்னியையும் ராக்ஸையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு வேண்டாம் என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் கூச்சத்தோடு இதையும் கேட்டேன்: "தம்பி, தை மாசம் ஒரு நாள் வண்டி கிடைக்குமா?"