நீலக்கல் தேடிய வழி

மதுரையைச் சுற்றி எரிமலை ஏதும் இல்லை. ஆயினும், எரிமலைக் குழம்பின் வெம்மையை நெருங்கும் வெம்மையில் உருவான அரிய கனிமம் ஒன்று கெங்குவார்பட்டிப் பகுதியில் உண்டு என்று கேள்வியுற்றோம். அதன் பெயர் சஃபிரின். கிரீன்லாந்தில் கிடைத்த இக்கனிமத்திற்கு, நீலக்கல்லை ஒத்த அதன் நிறம் கருதி 1819இல் அப்பெயர் இடப்பட்டது.

நாங்கள் தேடிச் செல்வதற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பா நிறையக் கற்கள் உண்டு. இளமை முதல் பொறுக்கிச் சேர்த்தவை. அவற்றை நிலவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினோம். "எந்த ஊரில் எடுத்தீர்கள்?" என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்டார். ஒன்றுக்கும் எங்களால் விடை கூற இயலவில்லை. அவர் டப்பாவை மெல்ல மூடித் தந்தார்.

அந்த நாணத்தோடுதான் ஒரு காலையில் புறப்பட்டோம். வாடிப்பட்டியைக் கடக்கையில் வலப்புறம் சிறுமலை துணை வந்தது. நிலக்கோட்டையின் மல்லிகை மணம் கடந்து, வத்தலக்குண்டு தாண்டியதும், கொடைக்கானல் மலைத்தொடர் சுவர்போல் எதிரே நின்றது. அதன் அடிவாரத்தில் உள்ளது கெங்குவார்பட்டி.

நிலவியலார் இப்பரந்த பகுதிக்கு 'மதுரைப் பாளம்' என்றே பெயரிட்டுள்ளனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் அழுந்தி, சுமார் 1000 பாகை செல்சியசு வெம்மையில் வெந்தன. ஆயினும் அவை எரிமலையாய்ப் பொங்கவில்லை, உள்ளேயே உருமாறின. மேலிருந்த நிலம் காலப்போக்கில் தேய்ந்தமையால் இன்று நம் காலடியில் கிடக்கின்றன.

உண்மையான எரிமலை நீலக்கனிமம் ஒன்றும் உண்டு. இத்தாலியின் வெசூவியுஸ் பகுதியில் கிடைத்த அதற்கு 1807இல் 'அயூயின்' எனப் பெயரிட்டனர். படிகவியலின் தந்தை எனப் போற்றப்படும் ரெனே ஜூஸ்த் அயூயி என்பாரைச் சிறப்பிக்க வந்த பெயர் அது; அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. கைதவறி விழுந்து உடைந்த படிகத்தின் துண்டுகளை உற்றுநோக்கியே அவர் தம் ஆராய்ச்சிக்கு வழி கண்டார் என்பர்.

நாங்களும் உற்றுநோக்கினோம். நீலமெல்லாம் சஃபிரின் அன்று. கயனைட்டை நீளவாக்கில் எஃகுக் கத்தியால் கீறலாம். சஃபிரினோ கத்திக்கு இணங்காது, படிகக்கல்லையே கீறும். கார்டியரைட் திருப்பிப் பார்க்கையில் ஊதா நீலத்திலிருந்து வெளிர்மஞ்சளாய் மாறித் தோன்றும். ஐயம் நீங்க வேண்டுமாயின், கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிப்பிற்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்திருந்தார்.

"இந்தக் கல்லுக்கு என்ன விலை கிடைக்கும், ஐயா?"

"விலை ஒன்றும் கிடைக்காது, அம்மா."

"விலையில்லாததையா இப்படிக் குனிந்து குனிந்து தேடுகிறீர்கள்!" என்று சிரித்தார்.

காணாமற்போன காசுக்காக வீடெல்லாம் பெருக்கிய பெண்ணின் உவமை எங்கள் நினைவிற்கு வந்தது.

வனத்துறை எல்லைக்குள் நாங்கள் செல்லவில்லை. தோட்டக்காரர் ஒருவரின் அனுமதி பெற்று, வரப்போரம் உதிர்ந்து கிடந்த கருங்கல் ஒன்றை மட்டும் எடுத்தோம். அதில் கடுகளவில் நீலம் மின்னிற்று. பாறையில் சுத்தியல் படவில்லை. நாள், இடம், அருகிலிருந்த பாறையின் தன்மை அனைத்தையும் தாளில் எழுதி, கல்லோடு சுற்றிக் கட்டினோம்.

சில வாரங்களில் ஆசிரியர் முடிவு சொன்னார். அது சஃபிரின் அன்று, கார்டியரைட். எங்கள் முகம் வாடியதைக் கண்டு, "இருக்கட்டும்; இதை மாணவர்களுக்காக வைத்துக்கொள்கிறேன். இதற்கு ஊர் இருக்கிறதே!" என்றார்.

டப்பாவில் உள்ள கற்களுள் சஃபிரினே இருக்கலாம். அதைப் பெற்ற மலை எதுவென்று இனி எவரும் அறியார். பிறந்த இடத்தின் பெயரை இழந்த கல், தன் வரலாற்றையும் இழந்துவிடுகிறது. விடுமுறையில் கல் பொறுக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பென்சிலும் தாளும் கொடுத்தனுப்புவோம். இறைவன் கோடி ஆண்டுகளாய் ஆக்கிய ஒன்றைக் கையில் எடுப்போர், அதன் முகவரியையும் காப்பது கடன் அன்றோ?