தனக்குத் தானே சொல்லிக்கொள்வது

ஹிப்னாட்டிசம் என்றதும் நம்மில் மூத்த வாசகர்களுக்கு நினைவில் வருபவர் டொக்டர் ஏப்ரகாம் கோவூர். கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கைக்கு ஆசிரியராக வந்து, 1978இல் இங்கேயே காலமானவர். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, உள்ளே கிடந்த துயரத்தை வெளியே கொண்டுவந்தார். அவரது நாத்திகம் நமக்கு உடன்பாடல்ல. மனம் நம்பியதை உடல் நடத்திக் காட்டும் என்ற அவரது அவதானம் வேறு விடயம்.

அறிதுயில் தூக்கமல்ல. தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840களில் அப்பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெயிட் என்ற மருத்துவரே, ஒரே எண்ணத்தில் மனம் குவியும் நிலை அது என்று கண்டு, பெயரை மாற்றவும் முயன்றார்.

இதைத் தனக்குத் தானே செய்துகொள்ளலாம் என்று பரப்பியவர்களுள் பிரான்சின் மருந்தாளர் எமில் கூவே (1857-1926) முக்கியமானவர். நலமடைந்து வருவதாகக் காலையிலும் இரவிலும் இருபது தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கைக்கு இருபது முடிச்சிட்ட கயிறு! நமக்குத் தஸ்பீஹ் மணி நினைவுக்கு வரும். ஆனால் திக்ரில் மனம் இறைவனை நோக்குகிறது. இதில் தன்னையே நோக்குகிறது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலவேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணிக் களப்பில் இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். அதன்பின் தண்ணீரைக் கண்டாலே எனக்குக் கால் நடுங்கும். அப்போதுதான் இதைப் பழகினேன்.

இஷாவுக்குப் பின் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி அமர்வேன். மூச்சு ஆறியதும் கண்மூடி, பாதம் முதல் நெற்றிவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தி, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுவேன். பிறகு ஒரே வாக்கியம். 'பயப்பட மாட்டேன்' என்றால் பயம் என்ற சொல்தான் மனதில் தங்கியது. 'என் கால் உறுதியாக நிற்கிறது' என்று மாற்றினேன். கரையில் நிற்பதை மனதில் கண்டு, ஐந்துவரை எண்ணிக் கண்திறப்பேன். சில வாரங்களில் கரைக்குப் போக முடிந்தது. கடுமையான மனநோய்க்கு இது மருந்தல்ல; வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

"வாப்பா, எனக்கும் சொல்லித் தாங்க" என்றான் மகன். மூச்சையும் எண்ணிக்கையையும் சொல்லிக் கொடுத்தேன். 'தண்ணீர் என்னை ஒன்றும் செய்யாது' என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன். உயிர்காப்பு அங்கியின்றி, ஆள் நிறைந்த படகில் ஏறத் தயங்குவது நோயல்ல. அந்தத் தயக்கம் அவனிடம் இருக்கட்டும்.