முதலில் ஓட்டத்தைக் கேள்

சென்னை கல்மண்டபத்தில் நான் தொழில் கற்கும் பட்டறைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். அதனால் எங்களிடம் வருபவர்களில் மீன் வண்டிக்காரர்கள்தான் அதிகம். அடுத்தபடியாகத் துறைமுகத்துக்கும் எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளுக்கும் சில்லறை லோடு அடிப்பவர்கள். பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா என்று வண்டி எதுவானாலும் சமீப வருடங்களில் புகார் ஒரே மாதிரிதான் வருகிறது: "மஞ்ச லைட்டு எரியுது மாஸ்டர். வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

ஐ.டி.ஐ-யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு வந்தவன் நான். பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச், கியர் பாக்ஸ் என்று பிரித்துச் சேர்க்கத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வந்தேன். அந்த மஞ்சள் லைட்டை எரியவைக்கும் டி.பி.எஃப் என்ற புகை வடிகட்டியின் வேலை அந்தக் கணக்கில் சேராது. இதில் கழற்றுவது கடைசி. மாஸ்டர் பானெட்டைத் திறப்பதற்கு முன் டிரைவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்.

"ராத்திரி எத்தினி மணிக்கு வண்டி எடுக்கற? எங்க இறக்கற? லோடு ஏத்தறப்ப இன்ஜின ஆஃப் பண்ணுவியா, ஓட வுட்டுட்டே நிப்பியா? டீசல் எவ்ளோ போடற? ஆயில் எங்க மாத்தன?"

டீ வரும்வரை பொழுதுபோக்கப் பேசுகிறார் என்றுதான் ஆரம்பத்தில் எனக்குத் தோன்றியது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளெல்லாம் பி.எஸ். 6 விதிக்கு உட்பட வேண்டும் என்றானது. பி.எஸ். 4-லிருந்து நேராக 6-க்குத் தாவினோம். 5 என்ற படியே இல்லை. எடை கூடிய பிக்கப் வகைகளுக்கு முன்பு ஒரு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை புகைத்துகள் விடலாம் என்றிருந்தது 4.5 மில்லிகிராமாக இறங்கியது. டீசலில் இருக்கக்கூடிய கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த அளவை எட்ட வேண்டுமானால் புகைக் குழாயின் வழியில் ஒரு வடிகட்டி வைக்காமல் முடியாது. அதுதான் டி.பி.எஃப்.

பார்வைக்குக் கொஞ்சம் பருத்த சைலன்சர் மாதிரிதான் இருக்கும். உள்ளே பீங்கான் கட்டி. அதில் நெருக்கமாக நீளவாட்டில் மெல்லிய சதுரக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு நேர்மாறு. உள்ளே நுழைந்த புகை வெளியேற வேண்டுமானால் நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குள் போயாக வேண்டும். போகும்போது கரியைச் சுவரிலேயே விட்டுவிடும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். இதை ரீஜென் என்கிறோம்.

கரி தானாக எரியக் கிட்டத்தட்ட 600 டிகிரி வேண்டும். வடிகட்டிக்கு முன்னால் உள்ள வினையூக்கி நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கித் தருவதால், 250 முதல் 400 டிகிரிக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டிருக்கும். ஹைவேயில் லோடோடு ஓடும் வண்டிக்கு இதுவே பெரும்பாலும் போதும். டவுனுக்குள் ஊர்கிற வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது. அப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். தானே முடிவெடுத்து, சிலிண்டரில் எரிதல் முடிந்தபின் இன்னொரு சொட்டு டீசலைப் பீய்ச்சும். அது வினையூக்கியில் போய் எரிந்து வடிகட்டியைச் சூடாக்கும். இது முடியச் சுமார் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் வரை சீரான ஓட்டம் தேவை.

காசிமேட்டு டிரைவரின் ராத்திரியை இதோடு பொருத்திப் பாருங்கள். விடியுமுன் ஏலம். இன்ஜினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்பான். லோடு ஏறியதும் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓட்டம், பத்து கிலோமீட்டருக்குள். இன்ஜின் சூடேறி ரீஜென் தொடங்கும் நேரத்துக்கு மார்க்கெட் வந்துவிடும். சாவியைத் திருப்பிவிடுவான். ஐடில் வேகம் கூடியிருந்ததையும், ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றியதையும், அடியிலிருந்து வந்த காந்தல் வாடையையும் கோளாறு என்று நினைத்துச் சீக்கிரமே ஆஃப் செய்வான். மறுநாளும் இதேதான். கரி ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் இ.சி.எம். இன்ஜினின் இழுவையைக் குறைத்து வண்டியை நொண்ட வைத்துவிடும்.

இதற்கு எங்கள் பேட்டையிலேயே வருடாவருடம் ஒரு சாட்சி கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. காசிமேடு காய்ந்து கிடக்கும். வண்டிக்குத் தவணை கட்ட வேண்டுமே என்று சில டிரைவர்கள் ஏரி மீன் எடுக்க நெல்லூர்ப் பக்கம் போவார்கள். அப்படிப் போய் வந்த ஒருவர் மாஸ்டரிடம் ஆச்சரியமாகக் கேட்டார்: "தடைக்காலம் பூரா லைட்டே வரல மாஸ்டர், இன்னா மாயம்?" மாயமில்லை. ஜி.என்.டி. ரோட்டில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடியதில் வடிகட்டி தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டது.

ஓட்டம் கேட்டபின் கை வைக்கும் சோதனைகள் வரும். முதல் இரண்டுக்கும் ஸ்கேனர் பெட்டிக்குள்தான் இருக்கும். முதல் சோதனைக்கு ஒரு விரல் போதும். ஆறிய சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தடவ வேண்டும். டி.பி.எஃப் ஒழுங்காக உள்ள வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கரேல் என்று வந்தால் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ உள்ளிருப்பதை உருவிவிட்டார்கள்.

இரண்டாவது, ஆயில் ஸ்டிக். ரீஜென் பாதியில் நின்று நின்று போனால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் குறைவதைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். தொட்டு இரு விரலுக்கிடையே தேய்த்தால் பிசுக்கு இருக்காது. முகர்ந்தால் டீசல் வாடை. அந்த ஆயிலோடு ஓட்டினால் டி.பி.எஃப் தப்பினாலும் பேரிங் தப்பாது. ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

மூன்றாவது, பிரஷர் சென்சாரின் இரண்டு ஹோஸ்கள். ஒன்று வடிகட்டிக்கு முன்னாலிருந்தும் மற்றது பின்னாலிருந்தும் வரும். இரண்டுக்குமுள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் அடைப்பு எவ்வளவு என்று இ.சி.எம். கணக்குப் போடுகிறது. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் செய்திருக்கையில் ஸ்கேனர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சாரே பொய் சொல்கிறது. ஹோஸை மாற்றிச் சொருகியிருந்தால் கணக்கு எதிர்மறையில் வரும். மீன் வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஐஸ் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து சென்சார் கனெக்டரின் பின்களில் பச்சை பூக்க வைத்துவிடும். வடிகட்டி மேல் பழி விழும். குற்றவாளி பின்னாக இருக்கும். சூட்டை அளக்கும் சென்சார்களின் மரையும் துருவேறி இறுகிவிடும். அவசரப்பட்டுத் திருப்பினால் முறிந்து உள்ளேயே தங்கும். முதல் நாள் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, மறுநாள் அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று தாஜா செய்துதான் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடாத வண்டிகள் உண்டு. ஒரு பிக்கப் மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டேயிருந்தது. பி2463, கரி மிகுதி என்று கோடு. வேறொரு இடத்தில் வடிகட்டியை இறக்கிச் சுத்தம்கூடச் செய்திருந்தார்கள். டிரைவர் திருவள்ளூர் வரை ஓடுபவர், ஓட்டத்தில் குறையில்லை. ஹோஸ் நன்றாக இருந்தது, சென்சார் பூஜ்யம் காட்டியது, டர்போ குழாயில் கசிவில்லை. மாஸ்டர் ஸ்கேனரை என் கையில் கொடுத்து, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் போய் வரச் சொன்னார். "டி.பி.எஃப் பக்கம் பாக்காத. கூலன்ட் சூட்ட மட்டும் பாத்துனு வா."

அரைமணி ஓடியும் கூலன்ட் 60 டிகிரியைத் தாண்டவில்லை. மாஸ்டர் சிரித்தார். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றினோம். உள்ளே வால்வே இல்லை, காலி ஹவுசிங். மெட்ராஸ் வெயிலுக்கு வால்வு எதற்கு, எடுத்துவிட்டால் இன்ஜின் குளுகுளுவென்று ஓடும் என்பது பட்டறைகளில் நெடுநாள் புழங்கும் கைவைத்தியம். பழைய வண்டியில் அதன் கேடு உடனே கண்ணில் படாது. பி.எஸ். 6 வண்டியில், இன்ஜின் உரிய சூட்டுக்கு வராதவரை இ.சி.எம். ரீஜெனை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. புது வால்வு போட்டோம். அதற்கான செலவு, அவர் வடிகட்டிக்கு ஏற்கெனவே அழுததில் சிறு துண்டு.

அடைப்பு ஏன் வந்தது என்பது தெரிந்தபிறகுதான் அடைப்பை எடுக்கும் பேச்சு. கரி அளவுக்குள் இருந்தால் ஸ்கேனர் மூலம் நிறுத்திய நிலையிலேயே ரீஜென் செய்யலாம். பட்டறைக்குள் செய்ய மாட்டோம். வெட்டவெளிக்குக் கொண்டுபோய், தெர்மாகோல் பெட்டி, சாக்கு, காய்ந்த குப்பை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் தொடங்குவோம். வடிகட்டிக்குள் 600 டிகிரி ஏறும்போது அடியில் ஒரு காகிதம் கிடந்தாலும் பற்றிக்கொள்ளும். சூடு உச்சத்தில் இருக்கும்போது இன்ஜினைச் சட்டென்று ஐடிலுக்கு இறக்கவும் கூடாது. வெப்பத்தைச் சுமந்து வெளியேறும் காற்று குறைந்து, உள்ளேயே சூடு தேங்கிப் பீங்கான் வெடிக்கும். கரி அளவு மீறியிருந்தால் இந்த வழியே கூடாது. இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கினாலும் எல்லாம் போகாது. அடுப்பில் கரி எரியும், சாம்பல் எரியாது, இங்கும் அப்படித்தான். சாம்பல் டீசலிலிருந்து வருவதைவிட இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகக் கூட்டுப்பொருள்களிலிருந்துதான் அதிகம் வருகிறது. "ஆயில் எங்க மாத்தன?" என்று மாஸ்டர் கேட்பது இதற்காகத்தான். சாம்பல் குறைந்த, பி.எஸ். 6-க்கென்று வரும் ஆயிலை ஊற்றாமல் கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் பாதியிலேயே முடியும். சாம்பலை எடுக்கச் சூளையும் காற்றழுத்தமும் உள்ள இடத்துக்கு அனுப்புகிறோம். போகும்போதும் வந்தபின்னும் எடை போடுவோம். எடை இறங்கவில்லை என்றால் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். ஆசிட் ஊற்றுவது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது எல்லாம் வினையூக்கிப் பூச்சுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

இவ்வளவும் சொன்னபிறகு, "எதுக்கு மாஸ்டர் ரோதன, உள்ள கீறத ஒட்ச்சிப் போட்டு வெல்டிங் வச்சு வுட்ரு" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கோபமும் நியாயமானதுதான். மீன் அழுகினால் சரக்குக்காரனுக்கு நஷ்டஈடு, வண்டி நின்றால் தவணைக்குத் துண்டு விழும். மாஸ்டர் அந்த வேலையைத் தொடுவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்; லைசென்ஸும் மூன்று மாதம் போகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதே என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. கன்டெய்னர் லாரி வரிசையையும் மணலி புகைபோக்கிகளையும் பார்த்தபடி வாழும் எங்கள் ஊருக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வாடிக்கையாளரிடம் மாஸ்டர் சட்டம் பேச மாட்டார். தொழில் பேசுவார். "இன்ஜெக்டர் ஒழுவுது, இ.ஜி.ஆர். வால்வு மாட்டிக்கினு கீது, டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்குதுன்னு உனக்குச் சொல்றதே இந்த டி.பி.எஃப்தான். அத எடுத்துட்டா அவுங்க எல்லாம் உள்ள ஒக்காந்து இன்ஜினையே தின்னுவாங்க. அப்ப லைட்டு எரியாது, பிஸ்டன்தான் எரியும்." இதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

இப்போது அந்த ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் பொறுப்பைச் சில நாள் என்னிடம் விடுகிறார். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டி என்றால் நான் சொல்வது இதுதான்: வாரத்தில் ஒருநாள் லோடு இறக்கியதும் நேராக வீட்டுக்குப் போகாமல், மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். டேங்கில் டீசலைக் கடைசிச் சொட்டுவரை விடாதீர்கள். குறைந்தால் பல வண்டிகளில் ரீஜென் தொடங்காது. ஃபேன் இரைந்து சுற்றினால் சாவியைத் திருப்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். "சும்மா ஓட்டறதுக்கு டீசல் காசு யார் குடுப்பா தம்பி?" என்று ஓர் ஓனர் கேட்டார். அந்த ஓட்டத்துக்கு ஆகும் டீசலையும், வண்டி ஒருநாள் நின்றால் போகும் வாடகையையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டிரைவரை அழைத்து மீஞ்சூருக்கு வழி சொன்னார்.