ஞாயிறு நோக்கும் மலர்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆடித் திங்களில் தென்காசிக்குக் கிழக்கே சென்றால், ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் ஆகிய ஊர்ப்புறங்களில் வயல்கள் பொன்னிறம் பூண்டிருக்கக் காணலாம். அவை சூரியகாந்தி வயல்கள். அவற்றைக் காணக் கணவாய் கடந்து கேரள நாட்டு மக்களும் திரள்திரளாக வருகின்றனர்.

பழந்தமிழ்ப் புலவர் இம்மலரை அறியார். கதிரவனை எதிர்கொள்ளும் மலராக அவர்கள் கண்டது தரையிற் படரும் நெருஞ்சியே. அம்மலர் ஞாயிற்றை நோக்குதல் போல, வறிய புலவரின் உண்கலங்கள் கொண்கானங்கிழானின் மார்பை நோக்கி மலர்ந்தன என்பது புறநானூற்றின் 155ஆம் பாட்டில் மோசிகீரனார் கூறும் கருத்து. காலிலே தைக்கும் நெருஞ்சியை வள்ளலின் புகழுக்குத் துணையாக்கிய அப்புலவரின் துணிவு எனக்கு என்றும் வியப்பளிப்பது.

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, தோட்டத்து அழகுச் செடியாய் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் உருசிய நாட்டார் அதனை எண்ணெய்ப் பயிராக்கினர். அந்நாட்டு விதைகளைக் கொண்டே, 1969ஆம் ஆண்டினை ஒட்டி, நம் நாட்டிலும் எண்ணெய்க்காகப் பயிரிடத் தொடங்கினர். யான் சிறுவனாய் இருந்தபோது வீட்டு முற்றத்தில் ஒன்றிரண்டு செடிகளைக் கண்டதன்றி, வயலில் கண்டதில்லை.

இம்மலர் நாள் முழுதும் கதிரவனுடன் திரும்பும் என்பர். அது முழு உண்மையன்று. இளஞ்செடியே அவ்வாறு திரும்புவது. பகலில் தண்டின் கீழ்ப்புறம், அதாவது கிழக்குப் பக்கம், மிகுதியாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர, மீண்டும் கிழக்கு நோக்குகிறது. முற்ற மலர்ந்தபின் அசைவு நின்று, கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். காலை வெயிலில் விரைவில் வெதுவெதுப்படையும் அம்முகத்தை நாடி வண்டினம் மிகுதியாக வருவதை 2016ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர்.

வண்டு வருதலில் உழவனின் வாழ்வே அடங்கியிருக்கிறது. நாம் ஒரு பூ என்று கருதுவது, ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிறு பூக்களின் தொகுதி. விளிம்பிலுள்ள மஞ்சள் இதழ்கள் விதை தருவதில்லை. நடுவட்டத்துச் சிறு பூக்களே, புறத்திலிருந்து உள்நோக்கி நாள்தோறும் சில வரிசைகளாக மலர்ந்து, மகரந்தம் பெற்று விதையாகின்றன. தேனீ குறைந்தால் விதை பதராகும். அதனால் உழவர் காலை வேளையில் மெல்லிய துணியால் பூக்களை மெதுவாகத் தேய்த்து மகரந்தம் பரப்புவதும் உண்டு. பூக்கும் பருவத்தில் நச்சுமருந்து தெளித்தல் தம் கையால் தம் விளைவைக் கெடுத்துக் கொள்வதாகும். ஏறத்தாழ 90 நாளில் விளையும் விதையில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு எண்ணெய் உண்டு. பிண்ணாக்கு மாட்டுக்கு உணவு. கிளிகளோ எவரையும் கேளாமல் தம் பங்கை எடுத்துக் கொள்ளும்!

கிளியைக் கவண் கொண்டு ஓட்டலாம். படம் எடுக்க வயலினுள் புகுவாரை என் செய்வது? ஒரு செடியை மிதித்தால் ஒரு பூ மட்டும் போவதன்று. ஓராயிரம் விதை போகும். வரப்பில் நின்று காண்பதற்கு உழவர் தடை சொல்வதில்லை. மாணவர்களே, நீங்கள் செல்வீராயின் வயலின் கிழக்கு வரப்பில் நில்லுங்கள். மேற்கே நின்றால் மலர்கள் முதுகுகாட்டும்; கிழக்கே நின்றால் மலர்முகங்களும் அவற்றின் பின்னே மேகம் தவழும் குற்றால மலையும் ஒருங்கே தோன்றும்.