மூப்பும் ஓய்வும்

யாழ்ப்பாணத்தார் முதியோரை ‘வயது போனவர்’ என்பர். போனது வயது மட்டுந்தானா என்று வினவினால், முழங்கால் உளைவையும் நாரிப்பிடிப்பையும் சொல்லிப் பெருமூச்செறியாத முதியவரைக் காண்பது அரிது. இவையாவும் மூப்பு என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. ஆயினும் என்பும் தசையும் மூட்டும் ஒரேவகையாக மூப்பெய்துவதில்லை. மூப்பின் வேகத்தை ஆண்டுகள் மட்டும் நிர்ணயிப்பதுமில்லை.

என்பைக் கல்லைப்போன்ற உயிரற்ற பொருளெனக் கருதுவது பொதுவழக்கு. உண்மையில் அது இடையறாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்ற வீடு. ஒருவகைக் கலங்கள் பழைய என்பை அரித்தெடுக்க, வேறொருவகைக் கலங்கள் அவ்விடத்தைப் புதிதாக நிரப்புகின்றன. வளர்ந்தவரின் என்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. முப்பது வயதளவில் என்புத் திணிவு உச்சத்தை அடைகின்றது. அதன்பின் சிறிது சிறிதாக இடிக்கும் கலங்களின் கை ஓங்குகின்றது. பெண்களுக்கோ மாதவிடாய் நின்றதும் ஈஸ்திரோசன் என்னும் ஓமோன் குறைய, இவ்விழப்பு விரைவடைகின்றது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் என்பின் 20 சதவீதம் வரை இழப்போரும் உளர். இதில் வலியில்லை, அறிகுறியுமில்லை. முறிவே பெரும்பாலும் முதற் செய்தியாகின்றது.

தசையின் கதை வேறு. தசைநார்களில் மெதுவாகச் சுருங்குவனவும் விரைவாகச் சுருங்குவனவும் உண்டு. மூப்பில் முதலிற் பெரிதும் மெலிவன பின்னவையே. நெடுந்தூரம் நடக்கக்கூடிய முதியவர் கால் இடறியபோது தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாது வீழ்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இத் தசைத் தேய்வுக்கு ‘சார்கோபீனியா’ எனத் தனிப்பெயர் முன்மொழியப்பட்டது 1989ஆம் ஆண்டிலேதான். அதுவரை அதற்கெனப் பெயரொன்று வேண்டுமென எவருக்கும் தோன்றாமற் போனமை வியப்பன்று. முதியோர் மெலிவதை எல்லோரும் இயல்பெனவே கொண்டனர்.

மூட்டிலுள்ள கசியிழையத்துக்குக் குருதிக்குழாய்கள் இல்லை. மூட்டினுட் சுரக்கும் வழுக்குநீரிலிருந்தே அது உணவைப் பெறுகின்றது. நடக்கும்போது அழுந்தியும் விடுபட்டும், நீரிற் பிழியப்படும் பஞ்சைப்போல, அது அந்நீரை உள்வாங்குகின்றது. ஆகவே மூட்டுத் தேய்ந்துவிடும் என்றஞ்சி அதனை அசையாது வைத்திருப்பது அதனைப் பட்டினி போடுவதாகும்.

வடமராட்சிக் கிராமமொன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் எழுபது வயது கடந்த பின்னும் கிணற்றிலே தண்ணீர் அள்ளினார். உரலில் மா இடித்தார். நிலத்திலிருந்து சோறுண்டு கையூன்றாமல் எழுந்தார். கொழும்பிலே உத்தியோகம் பார்த்த மகன் ஓய்வுபெற்று ஊர் திரும்பியதும் கிணற்றுக்கு மோட்டர் பூட்டினார். விறாந்தையிற் சாய்மனைக் கதிரை ஒன்றையும் போட்டார். “அம்மா, இனி நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ” என்றார். அன்பினாற் சொன்ன சொல்லே அது. (வீட்டிலுள்ள ஆண்களுக்கு இவ்வுபசாரம் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும் என்பது வேறு கதை.) ஈராண்டு கழிந்தபோது கதிரையிலிருந்து எழுவதற்கு அவருக்கு இரு கைகளும் வேண்டியிருந்தன. ஒருநாள் இரவு வாசற்படியிலே கால் இடறியது. தொடையென்பின் கழுத்து முறிந்தது.

விழுந்தமையால் முறிந்தது என்றனர் வீட்டார். விழாமற் காத்திருக்க வேண்டிய தொடைத்தசை கதிரையிலேயே கரைந்துபோனதை எவரும் எண்ணவில்லை. 1892இலேயே யூலியஸ் வொல்ஃப் என்னும் ஜேர்மானிய சத்திரவைத்தியர், தன்மீது விழும் சுமைக்கேற்ப என்பு தன்னை அமைத்துக்கொள்கின்றது என எழுதியிருந்தார். விண்வெளியில் எடையற்று மிதப்போர் இடுப்பென்பில் மாதந்தோறும் ஏறத்தாழ 1 சதவீதத்தை இழப்பது அதற்குச் சான்று. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நலமாயிருந்த முதியோர் பத்து நாள் படுக்கையிற் கிடந்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் தசையை இழந்தனர். இதற்கு மறுபுறமும் உண்டு. 1990இல் பொஸ்ரனிலே மரியா ஃபியற்றரோனும் குழுவினரும் தொண்ணூறு வயதளவிலான பத்து முதியோருக்கு எட்டு வாரம் கால்களாற் பாரந் தூக்கும் பயிற்சி அளித்தனர். அதனை நிறைவு செய்தோரின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலையே கைவிட்டனர்.

இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981இல் சனத்தொகையின் 6.6 சதவீதம், 2012இல் 12.4 சதவீதம். விறாந்தைகளிற் சாய்மனைக் கதிரைகள் பெருகுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை. முதியோரை இருத்திவைப்பதையே மரியாதையெனக் கொள்ளும் சமூகம் எம்முடையது. அவர்களது உணவும் அவ்வாறே சுருங்கிவிடுகின்றது. பல்லில்லை என்று கஞ்சியோடும் தேநீரோடும் நிறுத்திக்கொள்பவருக்குத் தசையைக் கட்டப் புரதம் எங்கிருந்து வரும்? வீட்டினுள்ளேயே இருப்பவருக்கு வெயிலாற் கிடைக்கும் விற்றமின் டியும் குறைவு. என்பு ஏற்கனவே நொறுங்கியவர் குனிந்து பாரந் தூக்கலாகாது என்பதும் உண்மையே. எனினும் அது வைத்தியர் வகுக்கவேண்டிய எல்லை, அச்சம் வகுப்பதன்று.

மூதாட்டிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. காலையும் மாலையும் கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்திருக்க வேண்டுமென இயன்மருத்துவர் பணித்தார். “வயது போன மனிசியை ஏன் வதைக்கினம்?” என்று அயலவர் கேட்டனர். மகனுக்கும் அவ்வெண்ணமே. பேர்த்திதான் அருகில் நின்று எண்ணினாள். ஏழாம் எண்ணிக்கையில் மூதாட்டி நிறுத்திவிடுவார், பேர்த்தி விடமாட்டாள். நான்கு மாதத்தின் பின் அவர் கோலூன்றி அடுக்களைக்குச் சென்று, மேசையருகே நின்றபடி கீரை ஆயத் தொடங்கினார்.