பிலாமரத்தடியில் பேசிய மொழி

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பட்டுப்போன பிலாமரம் இருக்கிறது. அம்மச்சிப்பிலாவு என்று பெயர். அரச குடும்பத்தை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்டவர்மா அதன் பொத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. ஒளியச் சொன்னது ஒரு சிறுவன் என்பார்கள். அவன் கண்ணனேதான் என்று நம்புகிறவர்களும் உண்டு.

அந்தச் சிறுவன் என்ன மொழியில் பேசியிருப்பான்? திருவனந்தபுரத்தில் நான் படித்த கல்லூரியில் இந்தக் கதையை நாடகமாகப் போட்டபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. இன்றுவரை அது என்னை விடவில்லை.

நான் பாறசாலைக்காரி. தினமும் காலையில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பாசஞ்சரில் ஏறி தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று போய்த் திருவனந்தபுரத்தில் இறங்குவோம். 1979-இல் திறந்த பாதை அது. குழித்துறையில் ஏறியவர்களின் பேச்சும் அமரவிளையில் ஏறுகிறவர்களின் பேச்சும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். பாலராமபுரம் தறிக்காரர் வீடுகளில் இன்னொரு தமிழ். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1-ஆம் தேதி தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் அன்று கோடு விழுந்தது. என் அம்மாவின் பிறந்த வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், புகுந்த வீடு இந்தப் பக்கம். இரண்டு வீட்டிலும் மரவள்ளிக் கிழங்குக்கு மரச்சீனி என்றுதான் பெயர்.

எங்கள் நாடகக் குழுவில் இருபது பேர் இருந்திருப்போம். கண்ணூரிலிருந்து இரண்டு பேர், சித்தூரிலிருந்து ஒரு பாலக்காட்டுத் தமிழ்ப் பெண், பீர்மேடு எஸ்டேட் லைனிலிருந்து வந்த ஒரு பையன், சாலைத் தெருவில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பிறகு நாங்கள் எல்லைக்காரர்கள் நாலைந்து பேர். எங்களில் யாருடைய தமிழும் மற்றவருடைய தமிழைப் போல இருக்காது. மலையாளமும் அப்படித்தான். கண்ணூர்க்காரர்கள் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். நாங்கள் "எந்தரப்பீ" என்றால் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

திரைமறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு மொழியும் தெரிந்ததால் நடுவில் நின்று விளக்குவதும் என் தலையில் விழுந்தது. முதல் நாள் ஆள் தேர்வில் இயக்குநர் பீர்மேட்டுப் பையனிடம், "நினக்கொரு அவசரம் தராம்" என்றார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவன் தன்னை அவசரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் வசனத்தை ஒப்பித்து முடித்தான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. "அப்ப இன்னொரு தடவை மெதுவாச் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டான். அந்த இரண்டாவது தடவையில்தான் அவனுக்கு வேஷம் கிடைத்தது.

ஒத்திகை தொடங்கிய பிறகுதான் என் மனசு கசந்தது. இளவரசர் நல்ல அச்சு மலையாளம் பேசினார். பிள்ளைமார் கனத்த குரலில் பேசினார்கள். பொத்தைக் காட்டும் சிறுவனுக்கு மட்டும் பாறசாலைப் பேச்சு, அதுவும் இழுத்து, கோணி, பார்ப்பவர் சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட பேச்சு. வசனத்தின் ஓரத்தில் 'சிரிப்பு' என்றுகூடக் குறித்திருந்தது. சினிமாவிலும் மிமிக்ரி மேடையிலும் எங்கள் பக்கத்துப் பேச்சு இப்படித்தான் வரும். தமிழ் வாடை அடித்தால் 'பாண்டி'. தெற்கத்தி மலையாளம் என்றால் கோமாளி. எழுதியவர் கெட்டவரல்ல, மிகவும் அன்பானவர். அவர் பார்த்து வளர்ந்த மேடை அவருக்கு அப்படிக் கற்றுக்கொடுத்திருந்தது.

சிறுவனாக நடிக்க இருந்தவன் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி இருந்தவன். மூன்றாம் நாள் வசனத்தாளை மடித்து என் கையில் கொடுத்தான். "எனக்க அம்மை பேசுதது இது. இதைச் சொல்லி ஆளுவள சிரிக்க வைக்க மாட்டேன்" என்றான். குரல் உயரவில்லை. ஆனால் கூடம் அமைதியாகிவிட்டது.

அன்று எனக்குச் சின்ன வயதில் பார்த்த காக்காரிசி நாடகம் நினைவுக்கு வந்தது. கோயில் கொடைக்குப் பாயும் போர்வையுமாகப் போய் உட்கார்ந்திருப்போம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பந்தம் பிடித்துக்கொண்டு நாடகத்தின் நாயகன் காக்கான் பாடி ஆடி வருவான். தம்புரான் கேட்பார்: நீ யார், எங்கிருந்து வந்தாய், என்ன காரியம்? காக்கான் தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொல்லுவான். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு என்று விடிய விடியப் போகும். அங்கேயும் சிரிப்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் காக்கானின் மொழியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவன் அந்த மொழியைக் கொண்டு தம்புரானை மடக்குவதைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்ல அந்த வயதில் எனக்கு வார்த்தை இல்லை. தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். இயக்குநர் குறுக்கிடாமல் கேட்டார்.

திருவனந்தபுரம் இரண்டு மொழி நாடகத்துக்கும் எழுத்துக்கும் புதிய ஊரல்ல என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். மனோன்மணீயம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அந்தக் கவிதை நாடகம் 1891-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவலும் அச்சேறியது. ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஆனால் தமிழ் வகுப்பில் ஒன்றையும் மலையாள வகுப்பில் மற்றதையும் மட்டுமே சொல்லித்தந்தார்கள். இரண்டையும் சேர்த்து எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நாங்குநேரியில் பிறந்த நாடக இயக்குநர் சே. ராமானுஜத்தைப் பற்றி அறிந்தபோது அந்த வருத்தம் கொஞ்சம் ஆறியது. காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையும் அங்கே பணியாற்றியவர். 1967-இல் சாஸ்தாங்கோட்டையில் நடந்த நாடகக் களரியில் ராமானுஜமும் இருந்தார். 1977-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் நாடகப் பள்ளி தொடங்கியபோது சங்கரப் பிள்ளை அதற்குத் தலைமை ஏற்றார். ராமானுஜம் அங்கே போய் மலையாள மாணவர்களுக்குக் கற்பித்தார். சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் 'லங்காலட்சுமி'யை மலையாளத்திலேயே இயக்கினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையிலும் பணியாற்றினார். நாங்குநேரித் தமிழர் ஒருவர் மலையாள மேடையில் ராவணனைப் பேச வைத்திருக்கிறார். எங்கள் இயக்குநருக்கும் எனக்கும் அன்று இது தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் மனக்கசப்பு வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

நாடகத்தை மாற்றி எழுதினோம். காக்காரிசியில் வருவதுபோலச் சிறுவன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையில் பந்தத்தோடு வந்தான். எஸ்டேட் பையனும் சித்தூர்ப் பெண்ணும் துரத்தி வரும் ஆட்களாகத் தங்கள் தங்கள் தமிழிலேயே பேசினார்கள். கண்ணூர்க்காரர்தான் இளவரசர், அவருடைய வடக்கன் மலையாளத்தோடே. மார்த்தாண்டவர்மா அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று ஒரு பேராசிரியர் குறைபட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த இருபது பேரில் ஒருவர்கூட வாயை வளைத்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு அது வரலாற்றைவிடப் பெரிதாகப் பட்டது.

சிறுவனுக்கு ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது. "பிலாவுக்க பொத்துக்குள்ள கேறி இரி பிள்ளே, மிண்டாதே." பொந்துக்குள் ஏறி உட்கார், பேசாதே என்று பொருள். அந்த வரி மலையாளமா தமிழா என்று ஒத்திகையில் அரை மணி நேரம் வாதம் நடந்தது. கேறு, இரி, மிண்டாதே எல்லாம் மலையாளம் என்றாள் சாலைத் தெருப் பெண். 'பிலாவுக்க' என்று எந்த மலையாளியும் சொல்ல மாட்டான் என்றார் கண்ணூர்க்காரர். சொல்ல வேண்டியவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் பேசுவதைத்தான் அவன் சொன்னான்.

முதல் நாள் நிகழ்ச்சிக்கு என் அம்மா வந்திருந்தாள். அந்த வரி வந்தபோது கூடத்தில் சிரிப்பு எழவில்லை. பின்வரிசையில் யாரோ இருமியது கேட்டது. திரைக்குப் பின்னால் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பாசஞ்சரில் அம்மா நெய்யாற்றின்கரை வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அந்தப் பயல் நல்லாத்தான் செய்தான் மக்ளே. ஆனா 'மிண்டாதே'ன்னு அப்பிடி வெரட்டப்பிடாது. உசிருக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளையில்லியா. காதுல சொல்லுதது மாதிரி பைய சொல்லணும்."

மறுநாள் அவனிடம் சொன்னேன். இரண்டாவது நிகழ்ச்சியில் அவன் பந்தத்தைக் கீழே இறக்கிப் பிடித்து, இளவரசரின் தோளில் கை வைத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் மிகவும் பையச் சொன்னான். கடைசி வரிசைக்கும் கேட்டது.