நூற்றைம்பதா, நூற்றெண்பதா?

எங்கள் ஜபல்பூர் கிளைக்கு நகைக் கடன் கேட்டு வருகிற பழைய ஆட்கள் இன்னும் தோலாக் கணக்கில்தான் பேசுவார்கள். நம்மூரில் பவுன் மாதிரி இங்கே தோலா. இப்போது கடைத்தெருவில் 10 கிராமையே தோலா என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அசல் தோலா 11.66 கிராம். 1833-ல் கம்பெனிக்காரன் ஒரு ரூபாய் வெள்ளி நாணயத்தின் எடையை 180 கிரெய்ன் என்று வைத்தான், அதுதான் தோலா. 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

என்னடா, தங்கத்தைப் பற்றி எழுதப் போகிறானா என்று நினைக்காதீர்கள். விஷயம் மான் வேட்டை!

மச்சினன் பென்சில்வேனியாவில் கணினி வேலையில் இருக்கிறான். என் மனைவிக்கு நேர் இளையவன். அலுவலகத்து அமெரிக்க நண்பர்களோடு பழகிப் பழகி, இந்த வருஷம் தானும் வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே அது சட்டப்படியான காரியம். ஒரு பருவத்தில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய நான்கு லட்சம் மான்களைச் சுடுகிறார்கள், அப்படியும் தோட்டங்களில் மேய்வது குறையவில்லை. (இங்கே 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி மானைத் தொட்டாலே ஜெயில். யாரும் விபரீதமாக எதுவும் யோசிக்க வேண்டாம்.) வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கி, .30-06 ரகத்தில் ஒரு ரைஃபிளும் வாங்கிவிட்டான். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா அது, பெயரில் இருக்கும் 06 அந்த வருஷம்தான். தோட்டா வாங்கப் போன இடத்தில் 150, 165, 180 என்று மூன்று பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். தோட்டாவின் மூக்கில் இருக்கிற குண்டின் எடை, கிரெய்னில். 180 என்றால் சரியாக ஒரு தோலா. 150 என்றால் 9.72 கிராம், நம் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

"அத்தான், பெரிசா 180-ஐயே எடுத்திடவா? கூட இருந்தா நல்லதுதானே?"

"மாப்ளே, பி.காம். படிச்சவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

"உங்க ஊர்லதானே தோட்டா ஃபேக்டரி இருக்கு!"

இருக்கிறதுதான். கமரியா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் மாதா மாதம் எங்கள் கிளைக்கு வருவார். அவரிடம் கேட்டதும், நானே தேடிப் படித்ததும், கால்குலேட்டரும் சேர்ந்ததுதான் மற்றதெல்லாம்.

முதலில் கணக்கு. ஒரே ரைஃபிளில் 150 கிரெய்ன் குண்டு வினாடிக்குச் சுமார் 887 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 180 கிரெய்ன் 823 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் குழல்வாயில் உள்ள சக்தி வரும். போட்டுப் பார்த்தேன். எடை 20 சதவீதம் கூடியிருக்கிறது, சக்தி கூடியது 3 சதவீதம்தான். அந்த மூன்று சதவீதத்துக்குத் தோள் கொடுக்கும் வட்டி அதிகம். எங்கள் கிளையின் காவலர் முன்னாள் ராணுவத்தவர். அவர் சொல்வது, "உதைக்குப் பயப்படுகிறவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுவான் சாப்." முதல் வருஷக்காரனுக்கு இதை விடப் பெரிய விஷயம் எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். கண்ணை மூடிச் சுட்டால் நுரையீரலில் பட வேண்டியது வயிற்றில் படும். நெஞ்சில் இரண்டு நுரையீரலையும் துளைத்தால் மான் சில வினாடியில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். குண்டைத் தேர்ந்தெடுப்பது என்கிற தலைவலியே இந்த ஒன்றுக்காகத்தான்.

அப்படியானால் கனமான குண்டு எதற்கு? ஆழமாகப் போவதற்கு. எல்க், மூஸ் மாதிரி குதிரை அளவுப் பிராணியின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டுமென்றால் 180 வேண்டும். பென்சில்வேனியாவின் வெள்ளைவால் மான் அறுபது எழுபது கிலோ. அதற்கு 150 ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்களாம். சோதித்துப் பார்த்தவர்கள், சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும் என்கிறார்கள். ரொம்ப லேசாகவும் போகக் கூடாது. 110 கிரெய்னில் சின்னப் பிராணிகளுக்கென்று செய்த குண்டு, எலும்பில் பட்ட இடத்திலேயே சிதறி மேல்காயமாக நின்றுவிடும்.

எடையை விட முக்கியம் குண்டின் கட்டுமானம் என்றார் பெரியவர். ராணுவக் குண்டு முழுக்கச் செம்பு உறை போட்டது. ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். வேட்டைக் குண்டுக்கு மூக்கு திறந்திருக்கும், உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். இதில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று உண்டு. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் வெள்ளைக்காரன் இந்த விரியும் குண்டைச் செய்தான். அதனால்தான் அதற்கு டம்டம் குண்டு என்று பெயர். காயம் கொடூரம் என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் போரில் அதைத் தடை செய்தார்கள். மனிதனுக்கு ஆகாது என்ற அதே குண்டைத்தான் மானுக்குப் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள், சீக்கிரம் சாகட்டும் என்று. யோசித்தால் இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

இதுவரை 150 என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் வந்தது கறியில். மச்சினன் வீட்டில் சுட்டதைச் சமைத்துச் சாப்பிடப் போகிறார்கள். என் மருமகளுக்கு ஐந்து வயது. சாதாரண வேட்டைக் குண்டின் உள்ளே இருப்பது ஈயம். விரியும்போது அது கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் தெறிக்கும். மினசோட்டாவில் 2008-ல் ஆட்டு உடல்களில் சுட்டு எக்ஸ்ரே எடுத்தபோது காயத்துக்கு ஓரடிக்கும் அப்பால் துகள் கிடைத்தது. அதே வருஷம் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கறியில் ஈயம் இருந்ததால் கொடுக்காதீர்கள் என்று அரசே சொன்னது. கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டில் சுட்ட மான் கறி சாப்பிட வேண்டாம் என்றும் சொன்னது. அங்கே 738 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், வேட்டைக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவையும் மருத்துவர்கள் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே முக்கியக் காரணம் கழுகுகள்: வேட்டையின் மிச்சத்தைத் தின்ற காண்டர்கள் ஈய விஷத்தில் செத்துக்கொண்டிருந்தன.

மாற்று, முழுக்கச் செம்பாலான குண்டு. விலை கூடுதல். ஆனால் விரிந்தாலும் உதிராது, எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் ஈயத்தில் 150 செய்கிற வேலையைச் செம்பில் 130 செய்துவிடும். அது விரிவதற்கு வேகம் வேண்டும் என்பதால் லேசான குண்டே பொருத்தம், உதையும் குறைவு. எனக்கு இதைப் படித்ததும் மனசு லேசாயிற்று. குழந்தைக்கும் நல்லது, மானுக்கும் நல்லது, அவன் தோளுக்கும் நல்லது. விலை வித்தியாசத்தைச் சொல்லி இழுத்தான். வருஷத்துக்கு நாலு தோட்டா சுடப் போகிறவனுக்கு அதில் என்ன மிச்சம் என்று கேட்டேன். அவன் அக்கா ஃபோனைப் பிடுங்கி வேறு மாதிரி கேட்டாள், அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் செம்பு 130 வாங்கியிருக்கிறான், இருபது தோட்டாப் பெட்டி மூன்று. எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். எனவே ஈயத்தில் பழகிவிட்டுக் காட்டில் செம்பைப் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெட்டி பயிற்சி மைதானத்துக்கு. நூறு கெஜத்தில் தொடர்ந்து ஐந்து குண்டு ஒரு இட்லித்தட்டுக் குழிக்குள் விழுகிற வரைக்கும் மூன்றாவது பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று ஏற்பாடு.